பூட்டு இல்லாத ஸ்விட்ச்!

விலை குறைந்த டெண்டர் மட்டும் நம்மைக் காப்பாற்றுமா?

கேஸ் அடுப்புக்கு ரப்பர் குழாய் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் இரண்டு குழாய்களை எடுத்துப் போடுகிறார். ஒன்று விலை அதிகம். அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. மற்றொன்று பாதி விலை. அதில் முத்திரை இல்லை.

எதை வாங்குவீர்கள்?

குழந்தை குட்டிகள் உள்ள வீடு. யோசிக்காமல் முத்திரை உள்ள குழாயைத்தான் எடுப்பீர்கள். "பணம் போனால் போகட்டும், உயிர் முக்கியம்" என்று சொல்வீர்கள்.

அரசாங்கமும் இப்படிப் பொருள் வாங்குகிறது. பெட்ரோல் கிடங்கில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பி வழியாமல் தடுக்கும் ஸ்விட்ச் பழசாகிவிட்டது. கசிவைக் கண்டுபிடித்து மணி அடிக்கும் கருவி வேலை செய்யவில்லை. இவற்றை மாற்ற வேண்டும். அப்போது அரசாங்கம் கடைக்குப் போவதில்லை. டெண்டர் விடுகிறது.

அந்த டெண்டர் யாருக்குக் கிடைக்கும்? பெரும்பாலும், யார் விலை குறைவோ அவருக்கு.

இது சரிதானா? உயிர் காக்கும் கருவியையும் நாற்காலி மேஜை வாங்குவது போல வாங்கலாமா? இதைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

டெண்டர் என்றால் என்ன?

டெண்டர் என்பது ஒரு போட்டி. "எங்களுக்கு இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை, இத்தனை நாளில் வேண்டும். என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?" என்று அரசாங்கம் விளம்பரம் செய்கிறது. முன்பு பத்திரிகையில் மட்டும் விளம்பரம் வரும். இப்போது அரசாங்கத்தின் மின்னணு தளங்களிலும் வருகிறது. 2016-ம் ஆண்டு முதல் அரசு இலாகாக்கள் பொருள் வாங்குவதற்கென்றே "ஜெம்" என்ற மின்னணுச் சந்தை நடக்கிறது.

போட்டிக்கு வருகிறவர் முன்பணம் கட்ட வேண்டும். டெண்டர் கிடைத்த பிறகு "எனக்கு வேண்டாம்" என்று ஓடிவிடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்த டெபாசிட். மத்திய அரசின் 2017-ம் ஆண்டு பொது நிதி விதிகளின்படி, வேலையின் மதிப்பில் 2 முதல் 5 சதவீதம் வரை இதைக் கேட்கலாம். பதிவு பெற்ற சிறு தொழில் நிறுவனங்களுக்கு இந்த டெபாசிட்டில் இருந்து விலக்கு உண்டு.

பெரிய வேலை, நுட்பமான வேலை என்றால் இரண்டு உறைகள். முதல் உறையில், "என்னிடம் என்ன தகுதி இருக்கிறது, நான் தரும் கருவி எப்படிப்பட்டது" என்ற விவரம் இருக்கும். இரண்டாவது உறையில் விலை மட்டும் இருக்கும்.

முதல் உறையைப் பிரிப்பார்கள். தகுதி இல்லாதவர்களைத் தள்ளிவிடுவார்கள். தகுதி உள்ளவர்களின் விலை உறையை மட்டும் பிரிப்பார்கள். அதில் யார் விலை குறைவோ அவருக்கு வேலை. அவரை "எல் 1" என்று ஆபீஸ் பாஷையில் சொல்வார்கள். இரண்டாவது குறைந்த விலை சொன்னவர் "எல் 2".

முதல் உறையில் 10 பேர் தேறினார்கள் என்றால், 10 பேரும் சமம். ஒருவர் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார். இன்னொருவர் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்திருப்பார். விலை உறையைப் பிரிக்கும் நேரத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். ஒரு ரூபாய் குறைவாகப் போட்டவர் வென்றுவிடுவார்.

விதியில் நியாயம் உண்டு

இந்த விதி ஏன் வந்தது?

இந்த விதி இல்லாவிட்டால் அதிகாரி தன் மைத்துனருக்கு வேலையைக் கொடுப்பார். மந்திரி தன் கட்சிக்காரருக்குக் கொடுப்பார். "ஏன் இவருக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால், "இவர் சரக்குதான் தரமானது" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். தரம் என்பதை அளந்து பார்ப்பது கஷ்டம். விலை அப்படி இல்லை. 90 என்பது 100-ஐ விடக் குறைவு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

அதனால்தான் "குறைந்த விலைக்காரருக்கே கொடு" என்று விதி வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1998-ம் ஆண்டிலேயே டெண்டர்கள் ஒளிவு மறைவு இல்லாமல் நடக்க வேண்டும் என்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். டெண்டர் பிரித்த பிறகு ரகசியமாகப் பேரம் பேசக் கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

எல்லாம் நல்ல விதிகள். அவற்றைக் குறை சொல்ல வேண்டியதில்லை. காகிதம், பேனா, நாற்காலி, சிமெண்டு வாங்குவதற்கு அவை போதும்.

ஆனால் பாதுகாப்புக் கருவி அந்த ரகம் அல்ல. நாற்காலி மோசமாக இருந்தால் உட்கார்ந்த அன்றைக்கே தெரிந்துவிடும். பாதுகாப்புக் கருவி மோசமாக இருந்தால் அது தெரியாது. ஆபத்து வரும் அந்த ஒரு நாளில்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்து என்ன பயன்?

இதற்கு உதாரணமாக நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். கற்பனை அல்ல. இங்கிலாந்தில் நடந்தது.

நின்றுபோன முள்

லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டட் என்று ஒரு ஊர். அதன் அருகே பன்ஸ்பீல்டு என்ற இடத்தில் மிகப் பெரிய எண்ணெய்க் கிடங்கு இருந்தது. வரிசை வரிசையாக ராட்சதத் தொட்டிகள். குழாய் வழியாகப் பெட்ரோல் வந்து நிரம்பும். அங்கிருந்து லாரிகளில் ஏறி வெளியே போகும்.

2005-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, சனிக்கிழமை மாலை. 912 என்ற எண்ணுள்ள தொட்டியில் பெட்ரோல் நிரம்பத் தொடங்கியது. இரவு முழுவதும் நிரம்பியது.

தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்ட ஒரு கருவி இருந்தது. அதிகாலை 3 மணி சுமாருக்கு அது நின்றுபோய்விட்டது. "தொட்டியில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது" என்றே காட்டிக்கொண்டு இருந்தது. ஆனால் பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

அளவு காட்டும் கருவி பழுதானால் என்ன செய்வது? அதற்கும் ஏற்பாடு இருந்தது. தொட்டியின் உச்சியில் தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். பெட்ரோல் அந்த உயரத்துக்கு வந்ததும் ஸ்விட்ச் தானாக வேலை செய்யும். அபாய மணி அடிக்கும். வரத்துக் குழாயின் வால்வு மூடிக்கொள்ளும். மனிதன் தூங்கினாலும் அந்த ஸ்விட்ச் தூங்காது. அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள்.

அன்று அந்த ஸ்விட்ச் வேலை செய்யவில்லை.

சுமார் 5.37 மணிக்குத் தொட்டி நிரம்பியது. மேலே இருந்து பெட்ரோல் வழிந்தது. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் வழிந்துவிட்டது. அந்தப் பெட்ரோல் ஆவியாகி, வெள்ளை மூடுபனி போலத் தரையோடு தரையாகப் பரவியது.

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி 1 நிமிடம். இடி இடித்தது போல வெடித்தது!

கடல் கடந்து நெதர்லாந்தில் இருந்தவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. 20-க்கும் மேற்பட்ட தொட்டிகள் தீப்பற்றின. 5 நாட்கள் எரிந்தது. 43 பேர் காயம் அடைந்தார்கள். சுமார் 2 ஆயிரம் பேரை வீடுகளில் இருந்து வெளியேற்றினார்கள்.

தெய்வாதீனமாக ஒருவரும் சாகவில்லை. காரணம், அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஆபீஸ்களில் ஆள் இல்லை. திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஒரு சின்னப் பூட்டு

ஸ்விட்ச் ஏன் வேலை செய்யவில்லை? அது பழைய ஸ்விட்ச்சா? துருப்பிடித்து விட்டதா?

இல்லை. அது புதிய ஸ்விட்ச். 2004-ம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் வாங்கிப் பொருத்தினார்கள். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

அந்த ஸ்விட்ச்சில் ஒரு நெம்புகோல் உண்டு. "ஸ்விட்ச் சரியாக வேலை செய்கிறதா?" என்று சோதனை செய்வதற்காக அதை வைத்திருந்தார்கள். சோதனை முடிந்ததும் நெம்புகோலை அதற்குரிய நிலையில் நிறுத்தி, ஒரு சின்னப் பூட்டைப் போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் நெம்புகோல் கீழே இறங்கிவிடும். ஸ்விட்ச் வேலை செய்யாது.

பொருத்தியவர்களுக்கு இது தெரியவில்லை. "யாரும் கை வைத்துவிடாமல் இருக்கத்தான் பூட்டு" என்று நினைத்துவிட்டார்கள். பூட்டுப் போடாமல் விட்டுவிட்டார்கள். கருவியைச் செய்து விற்றவர்கள், "பூட்டு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்விட்ச் செத்த பிணம்தான்" என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லவில்லை.

விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. அளவு காட்டும் கருவி அன்றுதான் முதல் முறையாக நிற்கவில்லை. ஆகஸ்டு கடைசியில் இருந்து விபத்து நாள் வரை அது 14 தடவை நின்றிருக்கிறது! ஒவ்வொரு முறையும் ஏதோ செய்து ஓட வைத்தார்கள். "ஏன் நிற்கிறது?" என்று முழுதாகக் கண்டுபிடித்துச் சரி செய்யவில்லை.

2010-ம் ஆண்டு வழக்கு முடிந்தது. 5 நிறுவனங்களுக்குத் தண்டனை கிடைத்தது. அபராதமும் வழக்குச் செலவும் சேர்ந்து 90 லட்சம் பவுனுக்கு மேல் கட்டினார்கள். விபத்தால் ஏற்பட்ட மொத்த நஷ்டமோ சுமார் 100 கோடி பவுன் என்று கணக்கிட்டார்கள்.

அத்தனைக்கும் ஒரு பூட்டின் விலை என்ன? எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும் சாமான் அது.

ஜெய்ப்பூரில் என்ன நடந்தது?

"அது சீமைக் கதை. நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் நடந்தது.

2009-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி, வியாழக்கிழமை மாலை. ராஜஸ்தான் மாநிலம் ஜெய்ப்பூர் அருகே சீதாபுரா என்ற இடத்தில் உள்ள இந்தியன் ஆயில் கிடங்கு. ஒரு தொட்டியில் இருந்து பக்கத்துக் கிடங்குக்குப் பெட்ரோல் அனுப்ப ஆயத்தம் செய்தார்கள்.

அங்கே "ஹேமர் பிளைண்ட்" என்ற பழைய மாதிரி வால்வு இருந்தது. அதை மாற்றி அமைக்கும்போது அதன் மேல்பாகம் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் தொட்டியின் வால்வும் திறந்துவிட்டது. பெட்ரோல் ஊற்றுப் போலப் பீறிட்டு அடித்தது. வேலையில் இருந்தவர்களுக்குப் பெட்ரோல் ஆவியில் மூச்சு முட்டியது. யாராலும் அருகே போய் வால்வை மூட முடியவில்லை.

தூரத்தில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் இருந்தே வால்வை மூட வழி இருந்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு பல ஆண்டுகளாகவே வேலை செய்யாமல் கிடந்தது!

ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பெட்ரோல் கொட்டியது. பிறகு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். தீ 11 நாட்கள் எரிந்தது. எல்லா எண்ணெயும் எரிந்து தீரட்டும் என்று விட்டுவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பிறகு எம்.பி.லால் தலைமையில் ஒரு குழு விசாரித்தது. அந்தக் குழு பல யோசனைகள் சொன்னது. பழைய மாதிரி வால்வை ஒழிக்க வேண்டும். தூரத்தில் இருந்து மூடும் வால்வு வேண்டும். பெட்ரோல் ஆவி பரவினால் மணி அடிக்கும் கருவி வேண்டும். தொட்டி வழியாமல் தடுக்கும் ஏற்பாடு வேண்டும். நாடு முழுவதும் உள்ள கிடங்குகளுக்கு இந்தக் கருவிகள் தேவைப்பட்டன.

அவற்றை எப்படி வாங்க முடியும்? டெண்டர் மூலம்தான்!

இங்கேதான் நம் கேள்வி மறுபடியும் வருகிறது.

பொருளை வாங்குகிறோமா, பாதுகாப்பை வாங்குகிறோமா?

பன்ஸ்பீல்டு விபத்துக்கு மலிவு விலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். அங்கே குறை விலையில் இல்லை. தகவலில் இருந்தது. செய்தவருக்குத் தெரிந்தது, பொருத்தியவருக்குப் போய்ச் சேரவில்லை. பொருத்தியவர் செய்தது என்ன என்று, கிடங்கில் வேலை செய்தவருக்குத் தெரியவில்லை.

விலையை மட்டும் பார்க்கும் டெண்டரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஏன் தெரியுமா?

ஒரு காண்ட்ராக்டரின் நிலையில் இருந்து பாருங்கள். 20 வால்வுகளையும் 20 ஸ்விட்ச்சுகளையும் மாற்றும் வேலைக்கு டெண்டர் வந்திருக்கிறது. அவர் கணக்குப் போடுகிறார். கருவியின் விலை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கூலியும் அப்படித்தான். போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்றால் எதைக் குறைப்பது?

கிடங்கு ஊழியர்களுக்கு 3 நாள் பயிற்சி என்று போட்டிருந்தால், அதை ஒரு நாளாகக் குறைப்பார். இரண்டு இஞ்சினீயர் போக வேண்டிய இடத்துக்கு ஒருவரை அனுப்புவார். உதிரிப் பாகங்கள் கையிருப்பு வைக்க மாட்டார். தமிழில் விளக்கப் புத்தகம் போடும் செலவை விட்டுவிடுவார். பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு கருவியையும் நிஜமாக இயக்கிப் பார்ப்பதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்தையும் சுருக்குவார்.

அவர் கெட்டவர் அல்ல. கலப்படம் செய்யவில்லை. டெண்டரில் கேட்ட கருவியைத்தான் கொடுக்கிறார். கேட்காததைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கொடுத்தால் அவர் விலை ஏறும். வேலை பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வேன் என்று நேர்மையாகக் கணக்குப் போட்டவர் "எல் 2" ஆகிறார். அடுத்த டெண்டரில் அவரும் பாடம் கற்றுக்கொள்கிறார். அவரும் குறைக்கத் தொடங்குகிறார். இதுதான் கொடுமை!

ஆகவே குற்றம் காண்ட்ராக்டரிடம் மட்டும் இல்லை. டெண்டரை எழுதுகிறவரிடமும் இருக்கிறது. "ஸ்விட்ச் 20" என்று எழுதினால் 20 ஸ்விட்ச் வரும். "ஆபத்து வந்தால் நிச்சயமாக மூடிக்கொள்ளும் 20 ஸ்விட்ச், அதை நிரூபித்துக் காட்ட வேண்டும், உபயோகிக்கிறவருக்குச் சொல்லித்தர வேண்டும்" என்று எழுதினால்தான் பாதுகாப்பு வரும்.

விதியில் வழி இல்லையா?

"விதி எங்கள் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது" என்று அதிகாரிகள் சொல்வது உண்டு. அது பாதி உண்மைதான்.

ஒருவர் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த விலை போட்டால், "இந்த விலையில் எப்படிச் செய்வீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க மத்திய அரசின் கொள்முதல் விதிகள் இடம் தருகின்றன. 100 ரூபாய் வேலையை 60 ரூபாய்க்கு முடிக்கிறேன் என்றால், அந்த 40 ரூபாய் எங்கிருந்து வரும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

2021-ம் ஆண்டில் மத்திய நிதி அமைச்சகம் இன்னொரு வழியும் திறந்தது. தரம் முக்கியமான சில வேலைகளில், விலைக்கு மட்டும் அல்லாமல் தரத்துக்கும் மார்க் போடலாம். தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம் மார்க். மீதி விலைக்கு.

வெடிக்கும் ஆவி உள்ள இடத்தில் வைக்கும் மின்கருவிக்கு, நாகபுரியில் தலைமை அலுவலகம் உள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் வேண்டும். அதுவும் ஒரு காவல்தான்.

வழிகள் இருக்கின்றன. அவற்றில் நடக்கத்தான் தைரியம் வேண்டும். குறைந்த விலைக்காரருக்குக் கொடுத்தால் எந்த அதிகாரியையும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கூடுதல் விலைக்காரருக்குக் கொடுத்தால் தணிக்கை வரும், புகார் வரும், பத்திரிகையில் பெயர் வரும். "நமக்கேன் வம்பு?" என்று அவரும் "எல் 1" பக்கம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

என்ன செய்யலாம்?

என் கருத்தில், 5 காரியங்கள் செய்தால் போதும்.

ஒன்று: கருவியின் விலையை மட்டும் கேட்கக் கூடாது. கருவி, பொருத்தும் கூலி, பயிற்சி, 5 ஆண்டுப் பராமரிப்பு, உதிரிப் பாகம் எல்லாம் சேர்த்து ஒரே விலையாகக் கேட்க வேண்டும். அப்போது எதைக் குறைத்தாலும் பின்னால் காண்ட்ராக்டருக்கே நஷ்டம். முதலில் மலிவாகப் போட்டுவிட்டுப் பிறகு கறக்கும் வித்தை பலிக்காது.

இரண்டு: பொருத்தி முடிந்ததும் ஒவ்வொரு கருவியையும் இயக்கிக் காட்ட வேண்டும். இருபதில் இரண்டைக் காட்டினால் போதாது. இருபதையும் காட்ட வேண்டும். கிடங்கில் இரவு ஷிப்டு பார்க்கும் ஊழியர் அங்கே நிற்க வேண்டும். ஆபத்து வரும்போது அங்கே இருக்கப் போகிறவர் அவர்தான். மேலதிகாரி அல்ல.

மூன்று: அந்த ஊழியர் படிக்கத் தெரிந்த பாஷையில், படம் போட்டு, விளக்கம் எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். "இந்தப் பூட்டைக் கழற்றாதே, கழற்றினால் கருவி வேலை செய்யாது" என்று எழுத இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரி இருந்திருந்தால் பன்ஸ்பீல்டு ஒருவேளை எரிந்திருக்காது.

நான்கு: பில்லில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஆண்டுதோறும் சோதனையில் கருவி தேறிய பிறகு கொடுக்க வேண்டும். மற்ற பகுதியைத் தாமதம் இல்லாமல் கொடுத்துவிட வேண்டும். சிறு தொழில்காரருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பணத்துக்காக நடையாய் நடக்க விட்டால் நல்ல காண்ட்ராக்டர் டெண்டர் பக்கமே வர மாட்டார். மிஞ்சுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து: கருவி பழுதானால் எழுதி வைக்க வேண்டும். ஒரே கருவி மூன்று முறை பழுதானால் கிடங்கில் வேலையை நிறுத்திவிட்டுக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். 14 தடவை தட்டிக் கொடுத்து ஓட்டக் கூடாது.

செலவு ஆகாதா?

ஆகும். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் எந்தச் செலவு பெரிது? ஒரு கிடங்கு எரிந்தால் போவது எண்ணெய் மட்டும் அல்ல. சுற்றி உள்ள தொழிற்சாலைகள் போகும். வீடுகள் போகும். சென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் போய்ப் பாருங்கள். எண்ணெய்க் கிடங்கும் குடியிருப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு "எல் 1" தெரியாது, "எல் 2" தெரியாது. கிடங்கில் உள்ள ஸ்விட்ச்சை நம்பித்தான் அவர்கள் ராத்திரி தூங்குகிறார்கள்.

"தரத்துக்கு மார்க் போடலாம் என்றால், வேண்டியவர்களுக்கு மார்க்கை அள்ளிப் போட்டுவிடுவார்களே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊழலுக்குப் பயந்துதானே விலை விதியைக் கொண்டுவந்தார்கள்?

அதற்கும் மருந்து உண்டு. எதற்கு எத்தனை மார்க் என்பதை டெண்டர் விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றக் கூடாது. ஒரு கம்பெனியின் சரக்கு மட்டுமே தேறும்படி விவரம் எழுதக் கூடாது. "அழகாக இருக்கிறது", "நம்பிக்கை தருகிறது" என்பதற்கெல்லாம் மார்க் கிடையாது. அளந்து பார்க்கக் கூடியதற்கு மட்டும்தான் மார்க். எத்தனை வினாடியில் வால்வு மூடுகிறது? எத்தனை கிடங்குகளில் இதே கருவி ஓடுகிறது? கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் இஞ்சினீயர் வருவார்? இவற்றுக்கு மார்க் போடட்டும். யார் யாருக்கு எத்தனை மார்க் என்று வெளியிடட்டும். ஒளிவு மறைவு இல்லாத இடத்தில் களவு நடப்பது கஷ்டம்.

கிடங்கு எரிந்த பிறகு கமிட்டி போட்டு, கமிட்டி அறிக்கை கொடுத்து, அறிக்கையைப் பார்த்து டெண்டர் விட்டு, அந்த டெண்டரையும் மலிவு விலைக்கே கொடுப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரம்.

நீங்களும் கேட்கலாம்

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நாம் என்ன செய்ய முடியும் என்று நினைக்காதீர்கள்.

2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. இந்தியக் குடிமகன் யாராக இருந்தாலும் அரசு அலுவலகத்தையும் அரசுக்குச் சொந்தமான எண்ணெய்க் கம்பெனியையும் கேள்வி கேட்டு மனுப் போடலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

உங்கள் ஊரில் எண்ணெய்க் கிடங்கு இருக்கிறதா? உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிறதா? ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகள் எழுதுங்கள்.

தொட்டி வழியாமல் தடுக்கும் கருவியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? கடைசியாக எந்தத் தேதியில் இயக்கிப் பார்த்தீர்கள்? அப்போது யார் யார் உடன் இருந்தார்கள்?

30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

விலை எவ்வளவு என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "வேலை செய்கிறதா?" என்று கேட்க ஆள் வேண்டும். பக்கத்தில் குடியிருக்கிற நீங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?